இருத்தலும் இரங்கலும்

பொறை என்னும் சொல்லுக்குத் தமிழில் இருபொருள் உண்டு. ஒன்று சுமை, மற்றொன்று பொறுமை. சுமையில்லாத இடத்தில் பொறுமைக்கு வேலையில்லை என்பதை மொழியே உணர்ந்து வைத்திருக்கிறது. தோளில் ஒன்றுமில்லாதவன் அமைதியாக நடந்துபோவதை எவரும் பொறுமை என்று புகழ்வதில்லை. கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற புதிய ஏற்பாட்டிலும் ஏறத்தாழ இதே நிலை காணப்படுகிறது. அங்குப் பொறுமையைக் குறிக்க ஆளப்பெறும் 'ஹுப்போமொனே' என்னும் சொல்லைப் பகுத்து நோக்கினால், ஒன்றன் கீழ் நிலைத்திருத்தல் என்னும் பொருள் கிடைக்கும். பாரம் மேலே இருக்கிறது. மனிதன் கீழே இருக்கிறான். ஆயினும் அவன் ஓடிப்போகவில்லை. இவ்வளவே அச்சொல்லின் உட்பொருள். மகிழ்ச்சியோடு நிற்கிறானா, முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறானா என்பதை அச்சொல் கேட்கவில்லை.

தமிழ் கற்பிப்போர்க்கு இங்கே வேறொரு நினைவு எழுதல் இயல்பு. ஐந்திணையின் உரிப்பொருள்களுள் முல்லைக்கு உரியது இருத்தல். நெய்தலுக்கு உரியது இரங்கல். பிரிந்து சென்ற தலைவன் கார்காலத் தொடக்கத்தில் மீள்வேன் என்று சொல் தந்து செல்கிறான். அச்சொல்லைப் பற்றுக்கோடாகக் கொண்டு தலைவி ஆற்றியிருக்கிறாள். அது முல்லை. கடற்கரையில் மாலைப்பொழுதில் துயர் தாங்காது புலம்புகிறாள். அது நெய்தல். நிலம் வேறு, பொழுது வேறு, பூ வேறு. இருப்பவள் இரங்குதல் கூடாது என்று தொல்காப்பியனார் சொல்லவில்லை. இருத்தலும் இருத்தல் நிமித்தமும் என்று அவர் இடம் விட்டே வைத்தார் என்று உரையாசிரியர் காட்டுவர். ஆயினும், இருத்தல் கற்பின் பெருமை என்றும் இரங்கல் அதன் தளர்ச்சி என்றும் பிற்காலத்தவர் மனத்தில் ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது. வகுப்பறைகளிலும் அவ்வெண்ணம் பல முறை அப்படியே கைமாறியிருக்கிறது.

அந்த எண்ணமே கிறித்தவப் பொறுமையைப் பற்றிய பொதுக்கருத்திலும் புகுந்திருக்கிறது. துன்பத்தில் வாய் திறவாதவனே விசுவாசி. கண்ணீர் விடுபவன் விசுவாசத்தில் குறைந்தவன். வேண்டியது கிடைக்கவில்லை என்று கடவுளிடம் முறையிடுபவன் நம்பிக்கையற்றவன். மேடைகளிலும் இழவு வீடுகளிலும் இத்தகைய அறிவுரை தாராளமாக வழங்கப்படுகிறது. இவ்வறிவுரை விவிலியத்திலிருந்து வந்ததா, பிறரின் அழுகையைக் கேட்க மாட்டாத செவிகளிலிருந்து வந்ததா என்பது ஆராயத் தக்கது.

பொறுமைக்கு எடுத்துக்காட்டாக எல்லாரும் காட்டுவது யோபுவை. செல்வமும் மக்களும் நலமும் இழந்து, சாம்பலில் அமர்ந்து, ஓட்டுச் சில்லால் புண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்த அம்மனிதனைப் பொறுமையின் இருப்பிடம் என்பர். உண்மைதான். ஆனால் யோபுவின் நூல் 42 அதிகாரங்களைக் கொண்டது. வாய் மூடிய யோபு அதன் முதல் இரண்டு அதிகாரங்களில் மட்டுமே இருக்கிறான். மூன்றாம் அதிகாரத்தில் அவன் வாய் திறக்கிறான். திறந்தவுடன் தான் பிறந்த நாளையே சபிக்கிறான். அதன்பின் பக்கம் பக்கமாக அவன் பேசுவதெல்லாம் வழக்கு. இறைவனை எதிர்நின்று நியாயம் கேட்கிறான். தன் குற்றம் இன்னதென்று காட்டும்படி கேட்கிறான். அழுகிறான், சினக்கிறான், எள்ளி நகையாடுகிறான். இருத்தலும் இரங்கலும் ஒரே வாயில், ஒரே சாம்பல் மேட்டில் நிகழ்கின்றன. தமிழ்த் திணைக் கோட்பாட்டைக் கொண்டு பார்த்தால், முல்லையும் நெய்தலும் திணைமயக்கமாக நிற்கும் பெரும் பாடல் அது.

அவனைத் தேற்ற வந்த நண்பர் மூவரின் செய்தி இன்னும் கூர்ந்து நோக்கத் தக்கது. வந்ததும் அவர்கள் ஏழு பகல் ஏழிரவு அவனருகே தரையில் வாளா அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்த நற்செயல் அஃதொன்றே. பின்னர்ப் பேசத் தொடங்கினர். குற்றமில்லாமல் தண்டனை இல்லை என்றனர். பணிந்து போ, பொறுத்துக்கொள், எல்லாம் நன்மைக்கே என்றனர். அவர்கள் சொன்னவற்றைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் பிழையற்ற சமயப் பேச்சாகவே தோன்றும். ஆயினும் நூலின் இறுதியில் இறைவன் சினந்து கடிந்துகொள்வது அவர்களையே. வழக்காடிய யோபு தம்மைப் பற்றிச் சரியாகப் பேசினான் என்றும், நண்பர்கள் அவ்வாறு பேசவில்லை என்றும் தீர்ப்பு வருகிறது. பொறுமையைப் போதித்தவர்கள் தோற்றனர். பொறுக்க முடியவில்லை என்று கதறியவன் வென்றான். இத்தீர்ப்பை நினைவில் வைத்துக்கொண்டு எத்தனை பேர் ஆறுதல் சொல்லப் போகிறார்கள் என்பது வேறு செய்தி.

முல்லைப் பாட்டுகளிலும் தேற்றுவோர் உண்டு. கார்காலம் வந்துவிடுகிறது, தலைவன் வரவில்லை, கொன்றை பூத்துவிட்டது. தலைவியின் உயிர் தளர்வதைக் கண்ட தோழி, இது கார் அன்று, காலமல்லாக் காலத்தில் பெய்த மழை, அதனைக் கண்டு மரங்கள் ஏமாந்து பூத்துவிட்டன என்று படைத்து மொழிகிறாள். அவள் சொல்வது பொய். தலைவிக்கும் அது தெரியும் போலும். ஆனால் அப்பொய் அன்பிலிருந்து வருகிறது. தலைவியின் மேல் ஒரு பழியையும் அது சுமத்தவில்லை. யோபுவின் நண்பர்கள் மெய் போன்ற ஒன்றைச் சொல்லி அவன் மேல் பழி சுமத்தினார்கள். இரண்டு தேற்றுரைகளையும் நிறுத்துப் பார்த்தால், தோழியின் பொய்யே அறத்துக்கு அண்மையில் நிற்கிறது என்று சொல்லத் தோன்றும்.

யோபுவின் கதை தமிழ் மண்ணில் ஒரு மனிதரின் வாழ்வைத் திருப்பியிருக்கிறது. 1712இல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனையில் அலுவல் பார்த்தவர் நீலகண்டன். 1741இல் குளச்சலில் நடந்த போரில் ஒல்லாந்துக் கம்பெனிப் படை தோற்றது. அப்போது சிறைப்பட்ட தெ லன்னாய் என்னும் படைத்தலைவர் பின்னர் மன்னரின் படையையே பயிற்றும் பொறுப்பை ஏற்றார். அவருக்கும் நீலகண்டனுக்கும் நட்பு உண்டாயிற்று. நீலகண்டனின் குடும்பத்தில் பொருளிழப்பும் கால்நடையிழப்பும் அடுத்தடுத்து நேர்ந்து அவர் மனமுடைந்திருந்த காலத்தில், தெ லன்னாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றார். லாசரு என்னும் பெயரின் தமிழாக்கமாகிய தேவசகாயம் அவருக்கு வழங்கப்பெற்றது. மனைவி பார்கவியும் பின்னர் ஞானப்பூ ஆனார்.

கதை சொன்னவர் யார் என்பதையும் எண்ண வேண்டும். தெ லன்னாய் ஒரு போர்க்கைதி. பதவியும் மதிப்பும் பிற்காலத்தில் குவிந்தன. 'வலிய கப்பித்தான்' என்று நாடு அவரை அழைத்தது. ஆனால் அவர் தம் தாயகத்துக்கு மீளவேயில்லை. 1777இல் இறந்து உதயகிரிக் கோட்டையிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். சுகமாக நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சாம்பலில் இருப்பவனுக்குப் பொறுமை போதித்த நண்பர்களின் வரிசையில் அவரைச் சேர்க்க முடியாது. தானும் இழந்த ஒருவன் இழந்த மற்றொருவனுக்குச் சொன்ன கதை அது. அதனால்தான் அது உள்ளே இறங்கியது போலும்.

யோபுவின் கதை நன்றாக முடிகிறது. இழந்த ஆடுமாடுகள் இரட்டிப்பாகத் திரும்பின. (மக்கள் மட்டும் இரட்டிக்கவில்லை; முன்போலவே எழுவர் ஆண், மூவர் பெண். இறந்த பிள்ளைக்கு ஈடாக இரண்டு பிள்ளை என்று கணக்கிட அந்நூலாசிரியருக்கு மனம் வரவில்லை.) தேவசகாயத்தின் கதை அவ்வாறு முடியவில்லை. 1749ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் சிறைப்பட்டார். அரசின் சினத்துக்கு மதமாற்றம் மட்டுமே காரணமா என்பதில் வரலாற்றாசிரியர்க்குள் கருத்து வேறுபாடு உண்டு. அவர் பட்ட பாட்டில் கருத்து வேறுபாடு இல்லை. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டார், அடிக்கப்பட்டார், மரத்தில் பிணிக்கப்பட்டு வெயிலிலும் மழையிலும் கிடந்தார். ஏறத்தாழ மூன்றாண்டு இவ்வாறு கழிந்தபின், 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகிலுள்ள காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். எஞ்சிய எலும்புகள் கோட்டாறு சவேரியார் கோயிலில் வைக்கப்பெற்றன. ஆடுமாடு திரும்பவில்லை, வீடு திரும்பவில்லை, ஞானப்பூவுக்குக் கணவர் திரும்பவில்லை.

2012இல் அவர் அருளாளர் என்று அறிவிக்கப்பெற்றார்; 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் உரோமையில் புனிதர் என்று அறிவிக்கப்பெற்றார். 270 ஆண்டுக்குப் பின் வந்த அச்சிறப்பைக் காட்டி, பார்த்தீர்களா, பொறுத்தவர் பெற்றார் என்று முடிப்பது எளிது. ஆனால் அப்படி முடிப்பவர் ஞானப்பூவை மறந்துவிடுகிறார். மூன்றாண்டுக் காலம் கணவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை ஊர்ப்பேச்சால் அறிந்து வாழ்ந்த பெண் அவர். புனிதர் பட்டம் அவருடைய ஓர் இரவைக்கூடச் சுருக்கவில்லை. கதையின் முடிவை அறிந்தவர்கள் பொறுமையைப் பற்றிப் பேசுவதற்கும், முடிவு தெரியாத நடுப்பகுதியில் இருப்பவர்கள் பொறுத்திருப்பதற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது.

அந்த நடுப்பகுதியை ஜொகூர்த் தோட்டங்கள் நன்கு அறியும்.

கிமாஸ் தொடங்கிச் சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் வழியாக ஜொகூர் பாருவரை செல்லும் இருப்புப்பாதை 1909இல் முழுமை பெற்றது. அதன் இருமருங்கும் பால்மரக் காடுகள் எழுந்தன. கங்காணிகள் அழைத்து வந்த தமிழர் அங்கே லயங்களில் குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் சைவரும் சிறுதெய்வங்களை வழிபடுவோருமே. இடையிடையே கிறித்தவக் குடும்பங்கள் இருந்தன. லயத்துச் சுவரில் வேளாங்கண்ணித் தாயின் படம், எப்போதாவது வரும் குருவானவர், அவர் வராத காலத்தில் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் என்பனவே அக்குடும்பங்களின் திருச்சபை. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடிப்பெயர்ச்சிக்குத் தடை விதித்தது. போய் வருவோம் என்று வந்தவர்களுக்குப் போகும் வழியும் வரும் வழியும் குறுகத் தொடங்கின.

1942ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் ஆங்கிலப் படை ஜொகூர்ப் பாலத்தைத் தகர்த்துவிட்டுச் சிங்கப்பூருக்குப் பின்வாங்கியது. அடுத்த மாதம் சிங்கையும் வீழ்ந்தது. தோட்டங்கள் நின்றன, துரைமார் போயினர், அரிசி போயிற்று. அதன்பின் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு இருப்புப்பாதை அமைக்க ஆள் பிடிக்கும் வேலை தொடங்கியது. மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி என்று முதலில் ஆசை காட்டப்பட்டது. பின்னர் ஆசை காட்டும் தேவையும் இல்லாமற் போயிற்று. கிடைத்தவர்களை வண்டியில் ஏற்றினர். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். சரக்குப் பெட்டிகளில் பான்போங் வரை சென்று, அங்கிருந்து காட்டுக்குள் நடத்தப்பட்டனர். 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி கூட்டம் கூட்டமாக வாரிச் சென்றது. அவ்வாண்டு அக்டோபரில் பாதை முடிந்தது. இறந்தோர் தொகையில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. பல பத்தாயிரம் என்பதில் ஐயமில்லை. காஞ்சனபுரியிலுள்ள போர்க் கல்லறையில் ஏறத்தாழ ஏழாயிரம் வெள்ளைப் படைவீரர்க்குப் பெயரோடும் வரிசையோடும் நடுகற்கள் நிற்கின்றன. தமிழர்க்கு அங்கே அவ்வாறு பெயர் தாங்கிய வரிசை இல்லை. எழுதிவைக்க அவர்களுடைய பெயர்ப் பட்டியலைக் காத்துவைத்தவர் எவருமில்லை.

போர் 1945இல் முடிந்தது. சிலர் மீண்டனர், எலும்பும் தோலுமாய், கால்களில் ஆறாப் புண்களோடு மீண்டனர். பலர் மீளவில்லை. மீளாதவருடைய மனைவியரின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். கணவன் இறந்தான் என்ற ஓலையும் இல்லை. இருக்கிறான் என்ற ஓலையும் இல்லை. உடலைக் கண்டவர் இல்லை. உடன் சென்றவன் ஒருவன் திரும்பி வந்து, அந்த முகாமில் காய்ச்சலோடு கண்டேன், பிறகு என்னை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள் என்பான். அவ்வளவே செய்தி. தாலியைக் கழற்றுவதா, வைத்திருப்பதா? கழற்றினால் இருக்கிறவனைத் தன் கையால் கொன்றது போலாகும். வைத்திருந்தால் இறந்தவனுக்குச் செய்ய வேண்டிய கடனைச் செய்யாதது போலாகும். எச்சமயத்துப் பெண்ணுக்கும் இத்துயர் பொதுவே.

கிறித்தவப் பெண்ணுக்கு, அதிலும் கத்தோலிக்கப் பெண்ணுக்கு, இதில் வேறொரு முடிச்சும் உண்டு. திருமணம் சாவொன்றினாலேயே முடிவுறும் என்பது திருச்சபையின் சட்டம். கணவன் இறந்தான் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட வேண்டும். நெடுங்காலம் வரவில்லை என்பது மட்டும் போதாது. நாட்டுச் சட்டம் இவ்வகையில் எளிது: ஏழாண்டு செய்தியில்லாதவனை இறந்தவனாகக் கொள்ள அது இடந்தருகிறது. இருபது வயதில் கையில் ஒரு பிள்ளையோடு நின்ற பெண்ணுக்கு நீதிமன்றம் ஏழாண்டு என்றது. ஆலயம் சான்று என்றது. நெஞ்சம் எதையும் சொல்லவில்லை. இத்தகைய ஒருத்தியிடம் பொறுமையாயிரு மகளே என்று சொல்லுதற்கு நாவு கூச வேண்டும்.

இங்கே ஒரு குற்றச்சாட்டு எழுகிறது. அதனை ஒதுக்கிவிட்டுச் செல்லுதல் நேர்மையாகாது. சமயம் போதித்த பொறுமை ஏழையைத் தூங்கவைத்தது என்பது அக்குற்றச்சாட்டு. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, கிராணியின் ஏச்சைக் கேட்டு, கூலி குறைந்த நாளில் அரைவயிற்றோடு படுத்த மக்களிடம், இவ்வுலகத் துன்பம் சிறிது காலம், மறுவுலக இன்பம் நெடுங்காலம் என்று சொல்லப்பட்டது. இதனால் நன்மை அடைந்தவன் யார்? சொர்க்கத்தைப் பற்றிச் செய்தி இல்லை. தோட்ட முதலாளி இலாபம் அடைந்தான் என்பது கணக்கேட்டில் உள்ளது. இவ்வாறு கேட்பவர்களைக் கடவுள் மறுப்பாளர் என்று தள்ளிவிட முடியாது. கேள்வி சரியானது.

அதற்கு விடை விவிலியத்திலேயே, பொறுமை பேசப்படும் அதே பக்கத்திலேயே இருக்கிறது என்பதுதான் வியப்பு. யோபுவின் பொறுமையைப் பெயர் சுட்டிச் சொல்லும் இடம் புதிய ஏற்பாட்டில் ஒன்றே. அது யாக்கோபின் திருமுகம், ஐந்தாம் அதிகாரம். அந்த அதிகாரம் பொறுமையில் தொடங்கவில்லை. செல்வர்களை நோக்கி அலறி அழுங்கள் என்பதில் தொடங்குகிறது. வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்றும், அறுவடை செய்தோரின் ஓலம் படைகளின் ஆண்டவருடைய செவிக்கு எட்டிவிட்டது என்றும் அது கூறுகிறது. இதைச் சொல்லி முடித்த பின்னரே, முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் உழவனைப் போலப் பொறுத்திருங்கள் என்று எழுதுகிறார் யாக்கோபு. யோபு வருவது அதற்குப் பின். ஆக, கூலியைப் பற்றிய நான்காம் வசனத்தை விட்டுவிட்டு, பொறுமையைப் பற்றிய ஏழாம் வசனத்தை மட்டும் தோட்ட மக்களுக்கு வாசித்துக் காட்டியவர் எவராயினும், அவர் அதிகாரத்தை அறுத்து வாசித்தவர் ஆவார். யாக்கோபு யாரிடம் எதைச் சொன்னார் என்பதே அங்குச் செய்தி. செல்வனிடம் அவர் பொறுமையைப் புகழவில்லை. ஏழையிடம் கூலியை மறந்துவிடு என்று சொல்லவில்லை.

முன்மாரி பின்மாரி என்னும் உவமை தமிழர்க்கு எளிதில் விளங்கும். காரை எதிர்நோக்கும் முல்லைத் தலைவியும், மழையை எதிர்நோக்கும் உழவனும் ஒரே வானத்தையே பார்க்கின்றனர். ஜொகூரில் மட்டும் இவ்வுவமை சற்றே தலைகீழாகிறது. மழை பெய்தால் உழவனுக்கு வாழ்வு. பால் வெட்டுவோனுக்கு அன்று வெட்டு இல்லை, மங்கில் பால் இல்லை, கூலி இல்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் லயத்து வாசலில் அமர்ந்து மழை எப்போது விடும் என்று வானத்தைப் பார்த்திருந்தவர்களும் யாக்கோபின் உழவர்களே. அவர்கள் வேண்டியது மாரி அன்று, மாரியின் முடிவு.

பொறுமை என்பது கேளாதிருத்தல் அன்று என்பதற்கு இயேசு பெருமான் சொன்ன உவமை ஒன்றும் துணை நிற்கிறது. கடவுளுக்கு அஞ்சாத, மனிதரை மதியாத நடுவன் ஒருவனிடம் கைம்பெண் ஒருத்தி நியாயம் கேட்டு நாள்தோறும் வருகிறாள். அவன் இரங்கவில்லை. அவள் நிறுத்தவில்லை. இறுதியில் அவள் தொல்லை தாளாமல் அவன் நியாயம் வழங்குகிறான். விசுவாசிகள் எப்படிச் செபிக்க வேண்டும் என்பதற்குப் பெருமான் காட்டிய உருவம் அவளே. கைகட்டி ஓரத்தில் நிற்கும் பெண்ணை அவர் காட்டவில்லை. நடுவனின் கதவைத் தட்டுகிறவளைக் காட்டினார். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகிக் கூலிக்காகப் பேச்சு நடத்தத் தொடங்கியபோது, அதில் சேர்ந்த கிறித்தவத் தொழிலாளி தன் விசுவாசத்துக்கு எதிராக எதையும் செய்யவில்லை. செபமாலையும் சங்கச் சீட்டும் ஒரே சட்டைப்பையில் இருக்கலாம்.

ஆயினும், சங்கம் பெற்றுத் தரக்கூடிய கூலி ஒருவகை. எந்தச் சங்கமும் பெற்றுத்தர முடியாத விருப்பங்கள் வேறொரு வகை. மீளாத கணவன், பிறவாத பிள்ளை, தீராத நோய், திரும்பாத இளமை. இவற்றின் முன் போராட்டமும் கை ஓய்ந்துவிடுகிறது. இங்கே கீழ்த்திசைச் சமயங்கள் பலவும் தரும் மருந்து ஆசையை விடுதல் என்பது. வள்ளுவர் அவா அறுத்தலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். புத்தர் பெருமான் துன்பத்தின் வேர் ஆசை என்றார். அம்மருந்தின் ஆற்றலைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. விரும்பாதவனுக்கு ஏமாற்றமில்லை.

கிறித்தவம் இவ்விடத்தில் வேறு வழி செல்கிறது. சிலர்க்கு அது கடினமான வழியாகத் தோன்றும். கெத்செமனித் தோட்டத்தில் இயேசு பெருமான் வேர்வை குருதியாய் விழ வேண்டியது ஒரு விருப்பத்தையே: இத்துன்பக் கிண்ணம் தம்மை விட்டு அகல வேண்டும் என்பதை. அவ்விருப்பம் நிறைவேறவில்லை. பவுலடியாரும் தம் உடலில் தைத்திருந்த முள் நீங்குமாறு மும்முறை மன்றாடினார், நீங்கவில்லை. இருவரும் விருப்பத்தை அறுத்தெறியவில்லை என்பதைக் கருத வேண்டும். விருப்பத்தை வாய்விட்டுச் சொன்னார்கள், கிடைக்காததை ஏற்றார்கள், ஏற்றபின்னும் அது விரும்பத்தக்கதன்று என்று மாற்றிப் பேசவில்லை. சிலுவையில் தொங்கிய நிலையிலும் ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்டவரையே கிறித்தவர் கடவுளின் மகன் என்கின்றனர். கேள்விக்கு அங்கே விடை வரவில்லை, வானம் இருண்டது. விசுவாசத்துக்கும் நிறைவேறாத ஆசைக்கும் பகையில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம், ஆபிரகாம் முதலிய முன்னோர் வாக்களிக்கப்பட்டவற்றைப் பெறாமலே இறந்தனர் என்று வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறது. தூரத்தில் கண்டார்கள், அவ்வளவே.

அவா அறுத்தவனுடைய அமைதி பெரிது. ஆனால் கணவனை விரும்புதலை விட்டுவிட்டால் உன் துயர் நீங்கும் என்று லயத்துப் பெண்ணிடம் சொன்னால் அவள் ஒப்புவாளா? துயர் போனால் அவனும் போய்விடுவான் என்று அவள் அஞ்சக்கூடும். அவள் வைத்திருக்கும் துயரே அவனுக்கு அவள் தரும் இடம். இந்நிலையில் அவளிடமிருந்து ஆசையைப் பறிக்காத சமயம் அவளுக்குத் துணையாகிறது. ஆசை நிறைவேறும் என்று உறுதி கூறும் சமயம் அவளை ஏமாற்றுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு மயிரிழை வழியே உள்ளது. எல்லாப் போதகர்களும் அவ்வழியே நடந்தார்கள் என்று சொல்ல முடியாது.

அவ்வழியைப் பயணமாகக் கண்டவர்களும் உண்டு. பன்னிரண்டு ஆண்டு சிறையில் கிடந்த ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட நூலைத் தழுவி, திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தது. கம்பனில் தோய்ந்த வைணவக் குடும்பத்தில் பிறந்து முப்பதாம் வயதையொட்டிக் கிறித்தவரானவர் அவர். இருத்தலை அவர் நடத்தலாகப் பாடினார் எனலாம். உட்கார்ந்து காத்திருப்பதைவிட நடந்துகொண்டே காத்திருப்பது எளிது என்பதை நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய மலேசியத் தமிழர் எளிதில் உணர்வர்.

தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்தில் பிறந்தவர்களின் மக்கள் விடியுமுன் எழுந்து பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று இரவில் மீள்கின்றனர். அவர்களுடைய காத்திருப்பு வேறு வகை: வரிசையில் நிற்றல், வீட்டுக் கடன் முடியும் ஆண்டை எண்ணுதல், அடையாள ஆவணம் இல்லாத பிள்ளைக்காக அலுவலகப் படியேறுதல். இவற்றுள் பெரும்பாலானவை யாக்கோபின் நான்காம் வசனத்துக்கு உரியவை. கேட்டால் கிடைக்க வேண்டியவை. அவற்றைப் பொறுமையின் பேரால் மூடிவைப்பது முறையன்று.

முதியவர்களிடம் வேறு வகைக் காத்திருப்பு எஞ்சியிருந்தது. உரோமைத் திருப்பலிச் செபத்தில் வாழ்வோரை நினைக்க ஓரிடமும், இறந்தோரை நினைக்க வேறோரிடமும் உண்டு. குருவானவர் அவ்விடங்களில் சற்றே நிறுத்துவார். மக்கள் தத்தம் உறவினர் பெயர்களை மனத்துள் நினைத்துக்கொள்வர். சயாமுக்குப் போனவனுடைய மனைவி 1946ஆம் ஆண்டில் அப்பெயரை எந்த இடத்தில் நினைப்பது? 1950இல்? பிள்ளை வளர்ந்து மணமுடித்த பின்? நவம்பர் 2ஆம் நாள், இறந்தோர் திருநாளில், பிறர் தத்தம் கல்லறைகளுக்கு மெழுகுவத்தி கொண்டுசெல்லும்போது, அவள் எதற்கு முன் ஏற்றுவது? ஒரே பெயரை வாழ்வோர்க்குரிய இடத்தில் ஒருமுறையும் இறந்தோர்க்குரிய இடத்தில் மறுமுறையும் மனத்துள் நினைப்பதற்கு எந்தச் சட்டமும் தடை விதிக்கவில்லை.